ரோமில் இரண்டு நாள்: புதன்கிழமை வாடிகன் வேண்டாம்

கேள்வி: அறுபத்தைந்தைத் தாண்டிய அப்பா, அம்மாவுடன் ரோம் போகிறோம். செவ்வாய் இரவு இறங்கி, வெள்ளி காலை கிளம்புகிறோம். கொலோசியம், வாடிகன், பாந்தியன், ட்ரெவி நீரூற்று நான்கையும் எப்படிப் பிரித்துக்கொள்வது?

பதில்: புதன் கொலோசியம், வியாழன் வாடிகன். மாற்றிப் போடாதீர்கள். போப் ஊரில் இருந்தால் புதன் காலையில் பொதுச் சந்திப்பு நடக்கும். பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கம் நிரம்பி வழியும். அது முடியும்வரை புனித பேதுரு பேராலயத்துக்குள் போக முடியாது.

கொலோசியம் சீட்டு அதிகாரப்பூர்வ தளத்தில் 30 நாள் முன்பு திறக்கும். காலை நேரங்கள் சீக்கிரமே தீர்ந்துபோகும், அதனால் அந்த நாளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 18 யூரோ சீட்டிலேயே பக்கத்திலுள்ள ஃபோரமும் (பழைய ரோமின் நகர மையத்தின் இடிபாடுகள்) அதையொட்டிய பாலடைன் குன்றும் அடக்கம். சீட்டு 24 மணி நேரம் செல்லும். கொலோசியத்துக்கு மட்டும் குறித்த நேரத்தில் போயாக வேண்டும்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெயரில்தான். 2023 அக்டோபர் முதல் சீட்டில் பெயர் இருக்கிறது, வாசலில் அடையாள ஆவணத்தோடு ஒப்பிடுவார்கள். பழக்கதோஷத்தில் 'எஸ். முருகன்' என்று இனிஷியல் போட்டுவிட வேண்டாம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எப்படி விரித்து எழுதப்பட்டிருக்கிறதோ, எழுத்து பிசகாமல் அப்படியே போடுங்கள்.

கொலோசியத்தில் நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு லிஃப்ட் உண்டு. ஃபோரத்தில்தான் கால் படாதபாடு படும்: மேடும் பள்ளமுமான பழைய கருங்கல் பாதை, நிழலும் குறைவு. செருப்பு சரிப்படாது, ஷூ போடச் சொல்லுங்கள். பாலடைன் ஏற்றத்தை விட்டுவிடலாம்.

தண்ணீர் பாட்டிலுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். தெருவோரங்களில் மூக்குபோல வளைந்த இரும்புக் குழாயில் நாளெல்லாம் குடிநீர் ஓடும். ஊர்க்காரர்கள் 'நசோனே' என்பார்கள். முனையை விரலால் அடைத்தால் மேலிருக்கும் சிறு துளை வழியே தண்ணீர் வளைந்து எழும். அப்பா அதிகம் குனியாமலே குடித்துக்கொள்ளலாம்.

புதன் மாலையில் பாந்தியன், பழைய ரோமானியக் கோவில். 2023 ஜூலை முதல் இதற்கும் கட்டணம் உண்டு. 43.3 மீட்டர் அகலக் குவிமாடத்தின் உச்சியில் சுமார் 9 மீட்டர் திறப்பு, கண்ணாடி கிடையாது. மழை நேராக உள்ளே விழுந்து தரையிலுள்ள துளைகள் வழியே வடியும், எனவே மழை நாளென்று தள்ளிப்போடாதீர்கள். அங்கிருந்து ட்ரெவிக்குப் பத்து நிமிட நடை. அந்தக் கூட்டத்தில் பர்ஸ் பின்பாக்கெட்டில் இருக்கக்கூடாது.

வியாழன் காலை ஏழு, ஏழரைக்கே பேராலயம். அனுமதி இலவசம், பாதுகாப்புச் சோதனை வரிசைதான் நேரத்தைத் தின்னும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். வாடிகன் அருங்காட்சியகத்துக்குப் பத்து மணிச் சீட்டு எடுங்கள். அதன் வாசல் சதுக்கத்தில் இல்லை. மதிலைச் சுற்றி வடக்கே கால் மணி நேரம் நடக்க வேண்டும். சதுக்கத்திலேயே காத்திருந்து நேரத்தைத் தவறவிடுபவர்கள் ஏராளம். மைக்கேலேஞ்சலோவின் கூரை ஓவியங்கள் உள்ள சிஸ்டைன் சிற்றாலயத்துக்கும் இதே சீட்டுதான். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள்.

பேராலயக் குவிமாடத்துக்கு 551 படி. லிஃப்டில் போனாலும் 320 படி மிச்சம். கடைசிப் பகுதியில் சுவரே சாய்ந்து நெருக்கும், பாதியில் திரும்பவும் முடியாது. நீங்கள் ஏறிவிட்டு வாருங்கள், பெற்றோர் கீழே பேராலயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.