மொட்டை மாடி வகுப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள்

சென்ற வாரம் கடலூர் முதுநகரிலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்திருந்தார். ஒரு கையில் அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் அட்டை, இன்னொரு கையில் நாமக்கல் பக்கம் உள்ள ஒரு நீட் பயிற்சி மையத்தின் நோட்டீஸ். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, உயிரியல் பிரிவு, அரசு உதவிபெறும் பள்ளி, தமிழ் வழி. அப்பாவுக்கு சிப்காட்டில் ஒப்பந்த வேலை. எட்டாவது படிக்கும் தங்கை ஒருத்தி இருக்கிறாள்.

அம்மாவின் புகார் இதுதான். தினமும் சாயங்காலம் ஆறு மணியானால் தெருப் பிள்ளைகள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு மகள் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள். எட்டரை வரைக்கும் அவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறாள். "ஊரான் வீட்டுப் பிள்ளைக்கெல்லாம் மார்க் வாங்கிக் குடுத்துட்டு இவ எப்படி சார் டாக்டர் ஆவா? எங்க அண்ணன் தினமும் போன்ல திட்டுறார். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

அன்றைக்குப் பாதிதான் பேச முடிந்தது. மீதியை எழுதுகிறேன். தை மாதம் வந்தால் இதே கவலையோடு பல வீடுகள் தூக்கமில்லாமல் கிடக்கின்றன என்பதால் மற்றவர்களும் படிக்கட்டும்.

அம்மா, முதலில் கலங்காதீர்கள். பாப்பா நன்றாகப் படிக்கிறாள், பொதுத்தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆறுதல் இவ்வளவுதான். உங்கள் அண்ணன் போட்டிருக்கும் திட்டம் எனக்குச் சரியாகப் படவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுவதுதான் உங்களுக்கு நல்லது.

அன்று நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பாப்பா வாயே திறக்கவில்லை. "இரட்டைக் கருவுறுதலை அந்தப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வாய்?" என்று கேட்டதும் என் மேசையிலிருந்த பேனாவை எடுத்தாளே, கவனித்தீர்களா? பூவின் சூலுக்குள் இருக்கும் கருப்பையை வரைந்து, ஏழு செல், எட்டு உட்கரு என்று எண்ணிக் காட்டினாள். ஒரு விந்து செல் முட்டையோடு சேரும், இன்னொன்று நடுவில் இருக்கும் இரண்டு துருவ உட்கருக்களோடு சேரும், அதனால்தான் கருவுக்கு உணவாகும் கருவூண் திசு மும்மடியமாக, அதாவது மூன்று தொகுதி குரோமோசோம்களோடு இருக்கிறது என்றாள். "தேங்காய உடைச்சா வர்ற தண்ணியும் பருப்பும் அந்தக் கருவூண் திசுதான் சார். இப்படிச் சொன்னா மறக்கவே மாட்டாங்க" என்றாள். அப்புறம் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "ஒருத்திக்குப் புரியலைன்னா நான் சொன்ன விதம் சரியில்லைன்னு அர்த்தம். வேற மாதிரி சொல்லிப் பார்ப்பேன்." பதினேழு வயதில் இப்படி யோசிக்கும் பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

மருத்துவமனையைப் பற்றிக் கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டாள். இயற்பியல் எப்படி என்றேன், "பிடிக்காது" என்றாள். நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு 360தான். மீதி 360 இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் சரிபாதி. உயிரியலில் கெட்டி என்பதால் டாக்டராகிவிடுவாள் என்ற கணக்கு அங்கேயே இடிக்கிறது.

அடுத்தது 7.5 விழுக்காடு. அந்த ஒதுக்கீட்டில் சீட்டு கிடைத்துவிடும், கட்டணத்தை அரசே கட்டிவிடும் என்று உங்கள் அண்ணன் நம்புகிறார். 2020-இல் வந்த அந்த ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து படிப்பது அரசு உதவிபெறும் பள்ளி. அரசு சம்பளம் கொடுக்கும் பள்ளிதானே என்று நினைத்து ஏமாறுகிற குடும்பங்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவளுக்கு அது பொருந்தாது.

சரி, ஓராண்டு தங்கிப் படிக்க வைப்போம் என்கிறார். பயிற்சிக் கட்டணம், விடுதி, சாப்பாடு என்று லட்சத்துக்கு மேல் போகும். அரசு இடம் கிடைக்கவில்லை என்றால்? நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆண்டுக் கட்டணமே 20 லட்சத்துக்கு மேல். பண்ருட்டிப் பக்கம் இருக்கும் முந்திரித் தோப்பை விற்றுவிடலாம் என்று அவர் சொன்னதாகச் சொன்னீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. அந்தத் தோப்பில் சின்னவளுக்கும் பங்கு உண்டு. ஒப்பந்த வேலையில் இருக்கும் மனிதருக்கு நாளைக்கு உடம்பு முடியாமல் போனால் கையில் இருப்பதும் அதுதான். அண்ணன் பாசத்தில் பேசுகிறார், தவணை கட்டப்போவது நீங்கள். விற்காதீர்கள். அடகும் வைக்காதீர்கள்.

இனி மொட்டை மாடி. அங்கே பாப்பாவின் நேரம் வீணாகவில்லை. புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதுதான் நீண்ட நாள் மனத்தில் நிற்கும். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். பாப்பா தினமும் மாடியில் செய்வது அதைத்தான்.

ஆனாலும் சில மாற்றங்கள் வேண்டும். இரண்டரை மணி நேரம் அதிகம், ஒன்றரை போதும். அவளே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. வினாத்தாளில் உயிரி-தாவரவியலுக்கு 35, உயிரி-விலங்கியலுக்கு 35 என்று தனித்தனியாக வருகிறது அல்லவா? தாவரவியலை இவள் எடுத்தால் விலங்கியலை இன்னொருத்தி எடுக்கட்டும். இவள் கேட்கிற பக்கத்தில் உட்காரட்டும். பாடப்புத்தகம் எப்போதும் நடுவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருத்தி தப்பாகப் புரிந்துகொண்டது ஐந்து பேருக்கும் ஒட்டிக்கொள்ளும். தரையில் சாக்பீஸால் படம் வரைகிறார்களாம், அதை விடவே வேண்டாம். வரைந்து, பாகம் குறித்து, அழித்துவிட்டு, அடுத்தவள் பார்க்காமல் வரையட்டும். தேர்வுக்கு முந்தின மூன்று நாள் மட்டும் அவரவர் வீட்டில் இருக்கட்டும்.

பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன? நர்சிங், பார்மசி, அக்ரி பற்றியெல்லாம் தெருவிலேயே உங்களுக்கு ஆயிரம் பேர் சொல்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. பி.எஸ்சி.யையும் பி.எட்.டையும் சேர்த்து நான்கே ஆண்டில் முடிக்கும் ஒருங்கிணைந்த படிப்பு. தனித்தனியாகப் படித்தால் ஐந்து ஆண்டு ஆகும்.

இதற்குப் பெயர்போன இடம் மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம். பள்ளிப் பாடநூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி. 1963-இல் தொடங்கியது. தென் மாநிலங்களுக்கென்றே அமைந்தது, தமிழ்நாடும் புதுச்சேரியும் அதன் எல்லைக்குள் வருகின்றன. உயிரியல் பாடங்களை எடுத்துக்கொண்டே, ஒரு பிள்ளை எப்படிக் கற்கிறது, ஒரு பாடத்தை எங்கே தொடங்குவது, வினாத்தாள் எப்படி அமைப்பது என்பதையும் முதல் ஆண்டிலிருந்தே படிக்கலாம். வளாகத்துக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. பாடத்திட்டம் எழுதிக்கொண்டு போய், உண்மையான பிள்ளைகள் முன்னால் நின்று, பேராசிரியர் பின் வரிசையில் உட்கார்ந்து கவனிக்கப் பாடம் எடுக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் எந்த இடத்தில் பிள்ளைகள் கவனம் சிதறியது, எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டாய் என்று அலசுவார்கள். மாடியில் தானாகச் செய்துகொண்டிருப்பதை நான்கு ஆண்டு முறையாகச் செய்யலாம் என்றால் பாப்பா வேண்டாம் என்றா சொல்வாள்?

மத்திய அரசு நிறுவனம். கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் கூட்டினாலும் ஓராண்டுச் செலவு அந்த நோட்டீஸில் போட்டிருக்கும் தொகையைத் தொடாது. அவ்வளவு தூரமா என்று மலைக்காதீர்கள். உங்கள் முதுநகர் ரயில் நிலையத்திலிருந்தே, கடலூர் துறைமுகம் சந்திப்பு என்கிறார்களே, அங்கிருந்தே மைசூருக்கு ரயில் புறப்படுகிறது. பிற்பகலில் ஏறினால் மறுநாள் காலை இறங்கலாம்.

சேர்க்கைக்கு, நீட் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமையான என்.டி.ஏ. நடத்தும் என்.சி.இ.டி. என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இரண்டு மொழி, மூன்று பாடம், பொது அறிவு, ஆசிரியப் பணிக்கான மனப்பாங்கு என்று கேட்பார்கள். தமிழிலும் எழுதலாம். விண்ணப்பத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, பொதுத்தேர்வு மும்முரத்தில் பலர் தவறவிடுகிறார்கள். இப்போதிருந்தே வாரம் ஒருமுறை என்.டி.ஏ. தளத்தைப் பாருங்கள்.

இதில் உள்ள கஷ்டங்களையும் கேளுங்கள். அங்கே பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், தமிழ் வழிப் பிள்ளைக்கு முதல் ஆண்டு திணறும். பட்டம் வாங்கியதும் அரசு வேலை என்று நினைக்கவே வேண்டாம். இங்கே டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றும், அதற்கு மேல் போட்டித் தேர்வு, நியமனம் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம். தனியார் பள்ளிகளில் ஆரம்பச் சம்பளம் குறைவு. கேந்திரிய வித்யாலயா போன்றவற்றையும் மனத்தில் வைத்து, எம்.எஸ்சி.யும் முடித்து முதுகலை ஆசிரியர் தேர்வு வரைக்கும் போகிற தெம்பு வேண்டும். முக்கியமாக, அந்த ஆண்டு எந்தப் பாடங்கள் முதன்மையாகக் கிடைக்கின்றன, தாவரவியல் அல்லது விலங்கியல் பட்டத்துக்கு நிகராகத் தமிழ்நாட்டில் ஏற்கிறார்களா என்று சேர்வதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் இணைத்தன்மை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள்.

மைசூரு கிடைக்கவில்லை என்றாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. தேவனாம்பட்டினத்தில் பெரியார் கலைக் கல்லூரி இருக்கிறது, தாவரவியலும் விலங்கியலும் உண்டு. வீட்டிலிருந்தே போய்வரலாம். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் இப்போது புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மூன்று ஆண்டு முடித்துவிட்டு பி.எட். சேரட்டும்.

இந்த மே மாதம் நீட் எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. விண்ணப்பித்துவிட்டாள் என்றால் எழுதட்டும். அதற்காக ஓராண்டை ஒதுக்குவதும் தோப்பை விற்பதும் வேண்டாம் என்கிறேன். பாப்பாவே "எனக்கு டாக்டராகத்தான் ஆசை" என்று சொன்னால் மறுபடி உட்கார்ந்து பேசுவோம். இதுவரை அதை நீங்களும் உங்கள் அண்ணனும்தான் சொல்லியிருக்கிறீர்கள். அவள் சொல்லி நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், அண்ணனையும் கூட்டி வாருங்கள். அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம், திட்டுவதற்காக இல்லாமல் சும்மா, ஐந்து டம்ளர் டீயோடு மாடிக்குப் போய் ஒரு அரைமணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். என்ன பார்த்தீர்கள் என்று என்னிடம் வந்து சொல்லுங்கள்.