வாலிபர் குழுவின் கோடை ஊழியப் பயணம்: கேளுங்கள், சொல்கிறேன்

திருச்சபை வாலிபர்களைக் கோடை விடுமுறையில் ஊழியப் பயணம், அதாவது வேறு ஊர்ச் சபைகளுக்கு உதவவும் விசுவாசத்தைப் பகிரவும் போகும் பயணம், அழைத்துப்போகும் வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறேன். இப்படி வரும் குழுக்களை வரவேற்கும் சபையிலும் இருந்திருக்கிறேன். அதனால் என் பதில்கள் கொஞ்சம் வரவேற்கிறவர்கள் பக்கம் சாயும். இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அக்கா, எனக்கு 17 வயது. முதல்முறை போகிறேன். கட்டட வேலை தெரியாது, பிரசங்கமும் வராது. அங்கே போய் என்ன செய்வேன்?

நாற்காலி அடுக்குவாய், தண்ணீர் தூக்குவாய், பாத்திரம் கழுவுவாய், விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுப்பாய். பாதிப் பயணம் இதுதான் தம்பி. ஒன்றும் தெரியாது என்று சொல்கிற பையனை வைத்து வேலை வாங்கிவிடலாம். எல்லாம் தெரியும் என்று வருகிறவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

உன் குழுத் தலைவரிடம் ஒன்று மட்டும் கேள்: வேலைப் பட்டியலை எழுதியது யார்? அங்குள்ள சபை எழுதியது என்றால் நிம்மதியாகக் கிளம்பு. நம் ஆட்களே இங்கே உட்கார்ந்து எழுதியது என்றால், அந்தச் சபையின் போதகரிடம் இன்னொரு முறை பேசச் சொல். "இது உங்களுக்குச் சரியா?" என்று கேட்டால் மரியாதைக்குச் சரி என்றுதான் சொல்வார்கள். "நாங்கள் வராவிட்டால் இந்தக் கோடையில் நீங்கள் என்ன செய்வதாக இருந்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். அப்போதுதான் உண்மையான தேவை வெளியே வரும்.

இத்தனை பேர் டிக்கெட் போட்டுப் போவதைவிட அந்தப் பணத்தை அப்படியே அனுப்பிவிட்டால் என்ன?

சுவர் எழுப்புவது மட்டும்தான் நோக்கம் என்றால் அனுப்பிவிடுங்கள். அங்கே கொத்தனார் இருக்கிறார். நாம் ஒரு வாரத்தில் கோணலாகக் கட்டுவதை அவர் இரண்டு நாளில் நேராகக் கட்டுவார், கூலியும் அவர் வீட்டுக்குப் போகும்.

இது பழைய சண்டை. மெக்சிகோவுக்குச் சேவை செய்யப் போக இருந்த அமெரிக்க இளைஞர்களின் மாநாட்டிலேயே, 1968-ல், இவான் இலிச் என்ற கத்தோலிக்கக் குரு இதைப் போட்டு உடைத்தார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், ஆனால் உதவி செய்கிறேன் என்று வராதீர்கள் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியில் அவர் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது: ஒரே சபைக்கு வருடா வருடம் போய், பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் வந்துவிட்டால், அது பணத்தால் வாங்கக்கூடியதல்ல. ஒவ்வொரு கோடைக்கும் புதுப்புது இடம் தேடுகிற குழுவுக்கு அது ஒருநாளும் கிடைக்காது.

நடைமுறையில் நான் சொல்வது: திரட்டும் பணத்தில் ஒரு பங்கை உள்ளூர் வேலையாட்களின் கூலிக்கு முதலிலேயே ஒதுக்குங்கள். கொத்தனார் கட்டட்டும், நம் பிள்ளைகள் அவருக்குச் சித்தாளாக நிற்கட்டும். காணிக்கை கேட்டு எழுதும் கடிதத்திலும் மறைக்காதீர்கள். "பெரும்பங்கு பயணச் செலவு, எங்கள் வாலிபர்கள் கற்றுக்கொள்ளப் போகிறார்கள்" என்றே எழுதுங்கள். கொடுக்கிறவர்கள் அப்படியும் கொடுப்பார்கள்.

எங்கள் குழு ஒரு அனாதை இல்லத்தில் ஒரு வாரம் தங்கப்போகிறது. பிள்ளைகளோடு விளையாடி அன்பு காட்டுவதுதான் திட்டம். ஏதாவது ஆலோசனை?

திட்டத்தை மாற்றுங்கள். கடுமையாகத் தெரியும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையால்தான் அங்கே வந்திருக்கிறார்கள். பார்வையாளர்களும் காணிக்கையும் வந்துகொண்டே இருந்தால், இல்லத்தை நிரப்பிவைக்க ஆசைப்படுகிறவர்களும் முளைக்கிறார்கள். 2018-ல் ஆஸ்திரேலியா நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டுவந்தபோது, இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதும் அந்த விவாதத்தில் வந்தது. 2019-ல் ஐ.நா. பொதுச்சபையின் குழந்தை உரிமைத் தீர்மானமும் இதைப்பற்றி எச்சரித்தது. அப்புறம் அந்தப் பிள்ளையின் பக்கமிருந்தும் பாருங்கள். வாரம் ஒரு அண்ணன், ஒரு அக்கா வந்து மடியில் தூக்கிவைத்துவிட்டு மறைந்துபோனால் அதன் மனம் என்ன ஆகும்?

குடும்பங்கள் பிள்ளைகளைத் தங்களோடே வைத்துக்கொள்ள உதவுகிற சபைகள் இருக்கின்றன. அவர்களைக் கேளுங்கள். அங்கே மாலை நேர வகுப்பு, விளையாட்டு, பழுது பார்க்கும் வேலை என்று செய்ய ஏராளம் உண்டு.

என் மகளை முதல்தடவை தனியாக அனுப்புகிறேன். எதையெல்லாம் விசாரிக்க வேண்டும்?

அம்மா, பாம்பு, காய்ச்சல் என்று கவலைப்படுவீர்கள். ஆரோக்கியமாகக் கிளம்பும் பயணிகளுக்கு உண்மையில் பெரிய ஆபத்து சாலை விபத்து. வண்டியில் எல்லோருக்கும் சீட் பெல்ட் உண்டா, இரவுப் பயணத்தைத் தவிர்க்கிறார்களா, தூங்காத ஓட்டுநர் என்று எப்படி உறுதி செய்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

அடுத்தது, பெரியவர்கள். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக ஒரு அறையிலோ காரிலோ இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள். உடன்போகும் எல்லோருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும், போதகரின் தம்பியாகவே இருந்தாலும். "எல்லோரும் நமக்குத் தெரிந்தவர்கள்தானே" என்று பதில் வந்தால் மகளை அனுப்பாதீர்கள். தங்கும் அறை, மருத்துவச் சம்மதப் படிவம், காப்பீடு, நடு இரவில் கூப்பிட ஒரு எண், இவையெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். மனதுக்குச் சரியில்லை என்றால் யாரைக் கேட்காமலும் வீட்டுக்குப் போன் செய்யலாம் என்று மகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். போனை வாங்கி வைத்துக்கொள்ளும் குழு என்றாலும் இந்த விதி நிற்க வேண்டும்.

தடுப்பூசி ஏதாவது போட வேண்டுமா?

வெளிநாடு என்றால் ஆறு வாரத்துக்கு முன்பாவது மருத்துவரைப் பாருங்கள். ஆணி, தகரம், மண்வெட்டி புழங்கும் வேலை என்பதால், டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகிவிட்டதா என்று எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும், எனவே கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். மலேரியா மாத்திரை தந்தால் ஊருக்குத் திரும்பியதும் நிறுத்திவிடாதீர்கள். மருந்தைப் பொறுத்து ஒரு வாரமோ நான்கு வாரமோ தொடர வேண்டியிருக்கும்.

போன வருடம் எங்கள் பையன் ஒருவன் வெயிலில் மயங்கி விழுந்தான். இந்தமுறை எப்படித் தவிர்ப்பது?

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், கடுமையான வெயில் வேலையில் கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர். முதல் சில நாள் பாதி வேலைதான். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று இரண்டு வாரம் ஆகும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி. ஒருவன் சம்பந்தமில்லாமல் உளறினாலோ தள்ளாடினாலோ அது வெறும் களைப்பு அல்ல. நிழலுக்குத் தூக்கி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஜெபம் பண்ணுங்கள், ஆனால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பண்ணுங்கள்.

சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் வேறு. கை நடுங்குகிறது.

கடவுள் உன் வாழ்க்கையில் செய்ததைச் சொல்வதுதான் சாட்சி, அதற்கு மூன்று நிமிடம் போதும். ஒரு வாக்கியம் சொல், அவர் மொழிபெயர்க்கும்வரை நிறுத்து. சிலேடை, பழமொழி வேண்டாம். நடக்காததைச் சேர்க்காதே.

உதவிப் பொருள் கொடுப்பதற்கு முன் ஜெபக்கூட்டத்தில் உட்கார வைக்கலாமா?

கூடாது. நான் ஊழியத்துக்கு எதிரி இல்லை, அதனால்தான் சொல்கிறேன். அரிசிக்காக உட்கார்ந்தவரை விசுவாசத்துக்காக உட்கார்ந்தவராக எண்ணிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றுவது. செஞ்சிலுவை இயக்கமும் நிவாரண அமைப்புகளும் 1994-ல் வகுத்த நடத்தை நெறியிலும், உதவியை மத, அரசியல் நிலைப்பாட்டை வளர்க்கப் பயன்படுத்தக் கூடாது என்று இருக்கிறது. முதலில் கொடுங்கள். கூட்டத்தை வேறு நேரத்தில் வையுங்கள், வர விரும்புகிறவர்கள் வரட்டும்.

சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்யலாமா?

பல நாடுகளில் அது சட்டமீறல். தூதரகத்தில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று உள்ளபடி சொல்லிக் கேளுங்கள். மாட்டிக்கொண்டால் நாம் விமானம் ஏறிவிடுவோம், கேள்வி கேட்கப்படுவது அந்த ஊர்ப் போதகர்.

போட்டோ எடுக்கலாமா?

பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளைகளின் முகம் வேண்டாம். பெயர், ஊர், பள்ளிச் சீருடை எதுவும் சேர்த்துப் போட வேண்டாம். உன் தங்கச்சியை முன்பின் தெரியாத ஒருவர் அப்படிப் படமெடுத்துப் போட்டால் சும்மா இருப்பாயா?

பையில் என்ன எடுத்துப் போக?

மூடின காலணி, கையுறை, தொப்பி, டார்ச், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் அவற்றின் சீட்டோடு. பழந்துணி மூட்டை வேண்டாம், அவர்கள் கேட்டால் தவிர. குழுவுக்கு ஒரு கிட்டார் போதும். நான்கு கிட்டாரோடு வந்து இறங்கிய குழுவில் மண்வெட்டி பிடிக்க ஆள் இல்லாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.