இணையத்தில் ஏலம் எடுப்பதும் ஏலம் விடுவதும்: கேள்வி பதில்

திருவிதாங்கூர் நாணயங்களையும் அஞ்சல் தலைகளையும் நெடுங்காலமாகச் சேகரித்து, இணைய ஏலங்களில் வாங்கியும் விற்றும் வருகிற நாகர்கோவில்காரர் ஒருவரிடம் குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து கேட்கப்பட்ட கேள்விகளும், அவர் எழுதியனுப்பிய பதில்களும்.

கேள்வி (குளச்சல், மீன் வியாபாரி): கடப்புறத்து ஏலத்தில் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்தே அவர் எதுவரை போவார் என்று கணித்துவிடுவோம். இணையத்தில் ஆளே தெரியாதபோது எவ்வளவு கேட்பது என்று எப்படி முடிவு செய்வது, ஐயா?

பதில்: எதிராளியைக் கணிக்கும் வேலையையே இங்கே விட்டுவிட வேண்டும். கரைக்கு வந்த மீன் அன்றைக்கே விலைபோயாக வேண்டும்; ஆனால் இன்று கைநழுவிய ஒரு சக்கரம் (திருவிதாங்கூரின் பழைய சிறுகாசு) நாணயம், மிக அரிதானதாக இல்லாவிட்டால், சில மாதங்களுக்குள் வேறொருவர் வழியாக மறுபடியும் ஏலத்துக்கு வரும். எனவே பொருளின் விலையை மட்டும் பாருங்கள். விற்பவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் விலை எதற்கும் சான்றாகாது. விற்று முடிந்தவற்றின் பட்டியலை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி ஈபே போன்ற தளங்களில் இருக்கிறது, அதில் அதே ஆண்டு, அதே தரம் உள்ள பொருள்கள் போன விலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, உங்கள் உச்ச வரம்பு என்பது கையை விட்டுப் போகும் மொத்தப் பணமாக இருக்க வேண்டும். இந்திய நாணய ஏல நிறுவனங்கள் பலவும் வாங்குபவரிடமும் கமிஷன் வாங்குகின்றன. 12 சதவீதக் கமிஷன் என்று வைத்துக்கொண்டால், 4,000 ரூபாய்க்கு எடுத்த பொருளுக்குக் கமிஷன் 480, அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 86 ரூபாய் 40 காசு, தபால் செலவு 150 என்று 4,716 ரூபாயைத் தாண்டிவிடும். பொருளுக்கே வரி உண்டென்றால் அது தனி. வெளிநாட்டிலிருந்து வருவதானால் சுங்க வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கையெல்லாம் ஏலம் தொடங்கும் முன்பே தாளில் எழுதி முடித்துவிட வேண்டும், ஏனென்றால் ஏலம் நடக்கும்போது போடுகிற கணக்கு எப்போதும் நமக்குச் சாதகமாகவே வரும்.

கேள்வி (மார்த்தாண்டம், கல்லூரி மாணவர்): ஈபேயில் அதிகபட்சத் தொகையை முன்கூட்டியே கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுத்தால் முழுவதையும் எடுத்துக்கொள்வார்களா? கடைசி நொடியில் கேட்பதே நல்லது என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: முழுவதையும் எடுத்துக்கொள்வதில்லை. அந்தத் தொகைக்குள், தேவைப்படும் அளவுக்கு மட்டும் தளமே உங்கள் சார்பில் ஏற்றிக் கேட்கும். நீங்கள் 60 டாலர் என்று கொடுத்து, அடுத்தவர் 41 டாலரோடு நின்றுவிட்டால், பொருள் 42 டாலருக்கு உங்களுக்கு விழும். 25 டாலர் முதல் 100 டாலருக்குள் ஒரு படி, அதாவது ஒரு கேட்புக்கு விலை ஏறும் அளவு, 1 டாலர். இரண்டாமவரின் தொகையே வென்றவர் செலுத்த வேண்டிய விலையைத் தீர்மானிக்கும் ஏல முறையை வில்லியம் விக்ரி என்ற பொருளியல் அறிஞர் ஆராய்ந்து எழுதினார். அவருக்கு 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது. அத்தகைய ஏலத்தில் பொருளுக்கு நீங்கள் உண்மையாகவே கொடுக்கத் தயாராக இருக்கும் தொகையை அப்படியே சொல்வதுதான் சிறந்த உபாயம் என்பது அவர் காட்டிய முடிவு.

அப்படியிருந்தும் கடைசி நொடிக்குக் காத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஈபே ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும். அமேசான் ஒரு காலத்தில் நடத்திய ஏலத்திலோ கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் நீளும். ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இருவர் இரண்டையும் ஒப்பிட்டு 2002-ல் வெளியிட்ட ஆய்வில், நேரம் நீளாத ஈபேயில்தான் கடைசி நேரக் கேட்பு மிகுதி என்று கண்டார்கள். கேட்பவர் பலரும் உச்ச வரம்பைக் கொடுக்காமல், யாராவது மிஞ்சிய பிறகு வீம்புக்கு ஏற்றிக்கொண்டே போகிறவர்கள்; அவர்களுக்கு யோசிக்க நேரம் தராமல் கடைசிப் பத்து நொடிக்குள் உங்கள் வரம்பைப் பதிந்துவிடுவது பலன் தரும். நேரம் நீளும் தளத்தில் இதனால் ஒரு பயனுமில்லை. நம் ஊர் இணைய வேகத்தை நம்பிக் கடைசி இரண்டு நொடி வரை காத்திருப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி (தக்கலை, ஓய்வுபெற்ற ஆசிரியை): எங்கள் தாத்தா பழைய திருவிதாங்கூர் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். ஒரு டப்பா நிறையச் சங்குச் சின்ன அஞ்சல் தலைகள், சில உறைகள், கறுத்துப்போன செப்புச் சக்கரங்கள் இருக்கின்றன. துலக்கி, மொத்தமாக ஏலத்தில் விட்டுவிடலாமா, தம்பி?

பதில்: அம்மா, முதலில் புளியைக் கீழே வையுங்கள். குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளியிட்டுத் தேய்த்த செப்புக்காசு பளபளக்கும். ஆனால் பல ஆண்டுகளாகப் படிந்த அந்தக் கருஞ்சிவப்புப் படலம் போய், கீறல்கள் ஏறி, எழுத்தின் ஓரங்கள் மழுங்கிவிடும், சேகரிப்பவர் அதைப் படத்தில் பார்த்ததுமே ஒதுக்கிவிடுவார். அதேபோல் உறைகளிலிருந்து அஞ்சல் தலைகளைப் பிரித்தெடுக்கவும் வேண்டாம். தக்கலை, இரணியல், குளச்சல் போன்ற ஊர்களின் அஞ்சல் முத்திரை தெளிவாக விழுந்த முழு உறைக்கு, தனித் தலையைவிடக் கூடுதல் மதிப்பு கிடைக்கக்கூடும். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தின் ஈரத்தில் பசையுள்ள தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவற்றை உலர்ந்த இடத்தில், தனித்தனித் தாள்களுக்கு இடையில் வையுங்கள்.

மொத்தமாக விட வேண்டாம், முதலில் பிரித்துப் பாருங்கள். திருவிதாங்கூரின் முதல் தலைகள் 1888-ல் 1, 2, 4 சக்கரம் மதிப்புகளில் வந்தன. சங்குச் சின்னத்தோடு பிற்காலத்தில் வந்த குறைந்த மதிப்புத் தலைகள் ஏராளமாகப் புழங்கியவை. அவற்றைக் கட்டாகவே விடலாம். 1939-ல் வந்த வரிசையில் 7 சக்கரம் தலையில் கன்னியாகுமரிக் கடற்கரையும், 14 சக்கரம் தலையில் பேச்சிப்பாறை அணையும் உள்ளன. இவை கிடைத்தால் தனியாக எடுத்துவையுங்கள், நம் மாவட்டத்தவரே போட்டியிட்டு வாங்குவார்கள்.

விளம்பரத் தலைப்பில் வெளியிட்ட அரசு, மதிப்பு, ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். நாணயத்தில் உள்ள கொல்லம் ஆண்டோடு (மலையாள நாட்காட்டியின் ஆண்டு) 825-ஐக் கூட்டினால் அந்த ஆண்டு முடியும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1114 என்றால் 1938-39. படத்தைப் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், அருகில் அளவுகோல் வைத்து, இரு பக்கமும் எடுங்கள். கிழிசல், மடிப்பு, கறை எதையும் மறைக்காமல் எழுதுங்கள். குறையை நீங்களே சொல்லிவிட்டால் பொருள் திரும்பி வராது.

கேள்வி (வடசேரி, கடைக்காரர்): ஆரம்ப விலையைக் குறைத்து வைத்தால்தான் ஆள் சேரும் என்கிறார்கள். நான் 1 ரூபாயில் தொடங்கலாமா?

பதில்: குறைந்தது மூன்று நான்கு பேராவது தேடுகிற பொருளென்று தெரிந்தால் தொடங்கலாம். ஒருவர் மட்டுமே தேடும் பொருளென்றால் அவர் 1 ரூபாய்க்கே கொண்டுபோவார். அங்கே நீங்கள் மனநிறைவோடு விற்கக்கூடிய விலையையே ஆரம்ப விலையாக வையுங்கள். மைத்துனரை வேறொரு கணக்கில் கேட்கச் சொல்லி விலையை ஏற்றும் யோசனை பலருக்கு வருகிறது. அது மோசடி, தளங்கள் கணக்கை முடக்கும். பல சமயம் பொருளும் மைத்துனர் தலையிலேயே விழும்.

கேள்வி (குலசேகரம்): துபாயில் உள்ள ஒருவர் என் பழைய நாணயங்களைக் கேட்கிறார். அனுப்பலாமா?

பதில்: நூறு ஆண்டு நிறைந்த நாணயம் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள் ஆகிவிடும், அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. கொல்லம் 1099-ஆம் ஆண்டு நாணயம் இப்போது அந்த எல்லையைக் கடந்துவிட்டது. உள்நாட்டிலும் தொல்பொருள்களை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும்.

கேள்வி (கருங்கல்): ஏலம் முடிந்ததும் வாங்கியவர் தளத்துக்கு வெளியே யு.பி.ஐ.யில் பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்கிறார்.

பதில்: செய்யாதீர்கள். பணம் பெறுவதற்குக் குறியீட்டை ஸ்கேன் செய்யவோ பின் எண்ணை இடவோ வேண்டியதே இல்லை. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

கேள்வி (திருவட்டாறு, ரப்பர் விவசாயி): வங்கி இணைய ஏலத்தில் வீட்டோடு கூடிய தோட்டம் ஒன்று மலிவாக வருகிறது. எடுக்கலாமா?

பதில்: மலிவுக்குக் காரணம் என்ன என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். கடன் திரும்பாதபோது அடமானச் சொத்தை வங்கியே விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி நடக்கும் இந்த ஏலங்களில் பொருள் உள்ளது உள்ளபடியே விற்கப்படும். வரி பாக்கியும் வழக்கும் எடுப்பவர் தலையில் விழக்கூடும். விளம்பரத்தில் வங்கியின் சுவாதீனம் (சொத்து அதன் கைவசம் இருப்பது) நேரடியா, காகிதத்தில் மட்டும் உள்ள அடையாள அளவிலா என்று பாருங்கள். அடையாள அளவில் என்றால் உள்ளே ஆள் குடியிருக்கிறார் என்றே கொள்ளுங்கள். வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் நீங்களே எடுத்துப் பார்த்து, நேரில் போய் எல்லைக்கல்லையும் வழியையும் அக்கம்பக்கத்தாரையும் விசாரியுங்கள். விவசாய நிலத்தின் மீதான அடமானத்துக்கு அந்தச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு விலக்களிக்கிறது. தோட்டமென்றால் இந்தக் கேள்வி வழக்காக எழ இடமுண்டு. வழக்கறிஞரின் கருத்தை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

பணக் கணக்கு இன்னும் கடுமையானது. குறைந்தபட்ச விலை 40 லட்சம், முன்பணம் 10 சதவீதமான 4 லட்சம், நீங்கள் 44 லட்சத்துக்கு எடுத்தீர்கள் என்று கொள்வோம். முன்பணத்தையும் சேர்த்து 25 சதவீதமான 11 லட்சத்தை அன்றே, அல்லது அடுத்த வேலை நாளுக்குள் நிறைவு செய்ய வேண்டும். அதாவது ஓர் இரவுக்குள் 7 லட்சம். மீதி 33 லட்சம் விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாளுக்குள். வங்கி எழுத்தில் ஒப்பினால் அதிகபட்சம் 3 மாதம் வரை நீளும். தவறினால் அந்த 25 சதவீதம் முழுவதும் போகும், 2024-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. கடன் கிடைக்கும் என்ற வாய்ச்சொல்லை நம்பி இதில் இறங்கக் கூடாது.

கேள்வி (தோவாளை): விற்ற நாணயத்தை எப்படி அனுப்புவது?

பதில்: இரண்டு அட்டைகளுக்கு நடுவில் அசையாதபடி ஒட்டி, உறைக்கு வெளியே நாணயம் என்று தெரியாதவாறு, காப்பீட்டுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-ல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. ஒட்டுவதற்கு முன் பொருளையும் உறையையும் ஒரே படத்தில் எடுத்துவையுங்கள். ரசீது எண்ணை வாங்கியவருக்கு அன்றே அனுப்பிவிடுங்கள்.