இடிச் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும்?

கேள்வி: மின்னல் வெட்டிய இடத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் வரை இடி கேட்கும்?

பதில்: சாதாரணமாக 15 கிலோமீட்டர். சுற்றுப்புறம் அமைதியாக இருந்தால் 20, 25 வரைகூடக் கேட்கும். அதைத் தாண்டுவது அபூர்வம்.

அவ்வளவு பெரிய சத்தம் ஏன் இதற்குள் அடங்கிவிடுகிறது? போகப் போகத் தேய்வது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஒலி மேல்நோக்கி வளைந்துவிடுவது. தரையை ஒட்டிய காற்று சூடாக இருக்கும். ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 6, 7 டிகிரி குறைந்துகொண்டே போகும். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும், குளிர்ந்த காற்றில் மெதுவாகப் போகும். அதனால் ஒலி அலையின் அடிப்பக்கம் முந்த, மேற்பக்கம் பின்தங்க, அலையே வானத்தைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது. தள்ளி நிற்பவரின் தலைக்கு மேலாகவே இடி போய்விடும். 20, 25 கிலோமீட்டர் தள்ளிக் கேட்கும் இடியெல்லாம் மின்னலின் மேல்பகுதியில், நாலு கிலோமீட்டர் உயரத்தில் பிறந்த சத்தம்தான். தரைக்குப் பக்கத்தில் பிறப்பது அவ்வளவு தூரம் வருவதற்கு முன்பே மேலே ஏறிவிடும்.

கேள்வி: மெரினாவில் இரவில் கடல் பக்கம் மின்னுகிறது, இடியே கேட்பதில்லை. அது இடியில்லாத மின்னலா?

பதில்: இல்லை. எல்லா மின்னலுக்கும் இடி உண்டு. மழைமேகத்தின் உச்சி 12, 15 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், 100 கிலோமீட்டருக்கு அப்பால் மின்னினாலும் இரவில் வெளிச்சம் தெரியும். சத்தம்தான் அவ்வளவு தூரம் வராது.

கேள்வி: மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணித் தூரம் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம். 3 விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 15 வரை எண்ணினால் 5 கிலோமீட்டர். அடுத்தடுத்து மின்னிக்கொண்டே இருந்தால் எந்த மின்னலுக்கு எந்த இடி என்று குழம்பிவிடும், அப்போது எண்ணாதீர்கள்.

கேள்வி: சில இடி 'படார்' என்கிறது, சில இடி நீளமாக உருளுகிறது. ஏன்?

பதில்: மின்னல் பல கிலோமீட்டர் நீளமுள்ள கோணல்மாணலான பாதை. அதிலுள்ள காற்று நொடியில் சூரியனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு சூடாகி வெடித்து விரிவதுதான் இடி. பாதை முழுவதும் ஒரே நேரத்தில் வெடித்தாலும், கிட்டத்தில் இருக்கும் பகுதியின் சத்தம் முதலில் வரும், தொலைவில் இருப்பது பின்னால் வரும். அதனால்தான் உருளல். பக்கத்தில் விழுந்தால் 'படார்'.

கேள்வி: இடி தூரத்தில்தான் கேட்கிறது. வயலில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு வரலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். மழை பெய்யும் இடத்திலிருந்து 10, 15 கிலோமீட்டர் தள்ளி, மேலே மேகமே இல்லாத இடத்திலும் மின்னல் இறங்கும். இடி கேட்கும் தூரமும் ஏறக்குறைய அதே அளவுதான். அதாவது இடி காதில் விழுந்தாலே நீங்கள் அதன் எல்லைக்குள் வந்துவிட்டீர்கள். 'அர்ஜுனா, அர்ஜுனா' என்று சொல்லும்போது அந்த மின்னல் ஏற்கெனவே விழுந்து முடிந்திருக்கும். பயப்பட வேண்டியது அடுத்ததற்கு.

மரத்தடியில் ஒதுங்குவதுதான் பெரிய தப்பு. மரத்தில் இறங்கும் மின்சாரம் பக்கத்தில் நிற்பவர் மேலும் தாவும், வேரைச் சுற்றித் தரையிலும் பரவும். கான்கிரீட் வீடு, கண்ணாடி ஏற்றிய கார், பஸ் ஆகியவை நல்ல இடம். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். ஆடு மாடு மேய்ப்பவர்கள், உப்பளத்தில் வேலை செய்பவர்கள் கைபேசியில் 'தாமினி' செயலியை வைத்துக்கொள்வது நல்லது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கியது. காதுக்கு எட்டாத 40 கிலோமீட்டர் வரை மின்னலைக் காட்டும்.

கேள்வி: கைபேசி மின்னலை இழுக்குமா?

பதில்: இழுக்காது. ஆனால் சார்ஜரில் மாட்டியபடி பேசக் கூடாது. மின்னல் கம்பி வழியாக வீட்டுக்குள் வரும்.