துட்டன்காமுன் கார்ட்டூஷில் 'ஆமுன்' முன்னால் வருவது ஏன்?

நீங்கள் தப்பாகப் படிக்கவில்லை. எகிப்திய மன்னர் துட்டன்காமுனின் கார்ட்டூஷில் (அரசர் பெயரைச் சுற்றி வரையும் நீள்வட்டச் சட்டம்) 'ஆமுன்-துட்-அங்க் என்று வருகிறதே' என்று கேட்டீர்கள். எழுத்துகள் அந்த வரிசையில்தான் நிற்கும். ஆமுன் ஒரு கடவுள்; கடவுளின் பெயரை முதலில் எழுதுவது எகிப்திய எழுத்தர்களின் மரியாதை வழக்கம். வாயால் சொல்லும்போது அது தன் இடத்துக்குப் போய் 'துட்-அங்க்-ஆமுன்' ஆகிவிடும்.

நாணல் இலை, ஆட்டப் பலகை, நீரலை மூன்றும் ஆமுன். அப்புறம் ரொட்டி, காடைக்குஞ்சு, மறுபடி ரொட்டி: துட். பிறகு மேலே வளையம் வைத்த சிலுவை: அங்க். கீழே உங்களைக் குழப்பிய வளைந்த கோல், தூண், செடி மூன்றும் பெயரே இல்லை. 'தெற்கு ஹீலியோபொலிஸ் நகரின் ஆட்சியாளர்' என்ற பட்டம்.

ஒரு சோதனை: காடைக்குஞ்சு எந்தப் பக்கம் பார்க்கிறது? முகம் இருக்கும் பக்கத்திலிருந்து படியுங்கள். இடப்பக்கம் பார்த்தால் இடமிருந்து வலம். செல்ஃபோனில் படம் கண்ணாடிபோலத் திரும்பியிருந்தாலும் இந்த விதி கைகொடுக்கும்.

ஆனால் எல்லாப் பெயரையும் இப்படித் திருப்பிவிடாதீர்கள். அமென்ஹோடெப் என்ற மன்னர் பெயரில் எழுத்திலும் பேச்சிலும் ஆமுனே முதல். பக்கத்தில் இருக்கும் இன்னொரு கார்ட்டூஷ் துட்டன்காமுனின் அரியணைப் பெயர்: மேலே சூரிய வட்டம், நடுவில் வண்டும் மூன்று கோடுகளும், அடியில் கூடை. அதைக் கீழிருந்து மேலாக 'நெப்-கெபெரு-ரே' என்று சொல்ல வேண்டும்!