பெயர் தெரியாத மிளகுக் கொடிகள்: கேள்வி பதில்

ஏற்காட்டில் காப்பிக்கு நடுவே மிளகுக் கொடி வளர்ப்பவன் நான். ரகம் தெரியாமல் கொடி வைத்திருப்பவர்கள் கேட்கலாம்.

கேள்வி (நாகலூர்): கிணற்றோரம் ஒரு கொடி. இலைப் படம் அனுப்பியிருக்கிறேன். என்ன ரகம் அண்ணா?

பதில்: இலையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது தம்பி. மரத்தைப் பற்றி ஏறும் தண்டின் இலை ஒரு மாதிரி, சரம், அதாவது மணிகள் கோத்த கதிர், பிடிக்கும் பக்கக் கிளையின் இலை வேறு மாதிரி. பக்கக் கிளையில் இலைக்கு எதிர்ப்புறம் சரம் தொங்கும். இரண்டையும் சேர்த்துப் பறித்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். இலை அகலம், சரம் நீளம், மணி பருமன் என்றால் பன்னியூர்-1 என்ற கலப்பின ரகமாக இருக்கலாம். அது அடர் நிழலில் சரியாகக் காய்க்காது. இலை சிறிது, சரம் குட்டை, நிழலிலும் காய்க்கிறது என்றால் கரிமுண்டா ரகத்தைச் சந்தேகப்படுங்கள். அப்புறம், கிணற்றோரம் என்கிறீர்கள். தூரில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். வாடல் நோய் ரகம் பார்த்து வராது.

கேள்வி (அஸ்தம்பட்டி): விதை போட்டு வந்த கொடி. சரம் விடுகிறது, மணி பிடிக்கவில்லை.

பதில்: ஆண் கொடியாக இருக்கலாம். விதைக் கன்றுக்கு ரகப் பெயர் தேடாதீர்கள். நன்றாகக் காய்க்கும் கொடியின் தண்டை வெட்டி வையுங்கள்.

கேள்வி (வாழவந்தி): இலைப் படம் இணைத்துள்ளேன். ரகம்?

பதில்: முதல் பதில்.

கேள்வி (மஞ்சக்குட்டை): எங்கள் தாத்தா 1947-இல் வைத்த கொடி சார். சரம் முக்கால் சாண். பன்னியூர்-1 தானே?

பதில்: கேரளத்துப் பன்னியூரில் மிளகு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதே 1952-இல். உதிரங்கொட்டா, செறியகனியக்காடன் என்ற இரண்டு ரகங்களைக் கலந்து அங்கேதான் அந்த ரகத்தை உருவாக்கினார்கள். தாத்தாவுக்கு முன்கூட்டியே யார் கொடுத்தது?

மஞ்சக்குட்டை: அப்போ ஊரே பொய் சொல்கிறதா?

பதில்: பொய் இல்லை. நீளச் சரத்தைக் கண்டாலே பன்னியூர் என்பது நம் ஊர்ப் பழக்கம்.

நாகலூர்: நான் அந்தக் கொடியைப் பார்த்திருக்கிறேன் அண்ணா. மணி உருட்டு உருட்டாக இருக்கும். பன்னியூர்தான்.

பதில்: மணி பெரிதாக இருக்கட்டும். வருஷம் இடிக்கிறதே!

மஞ்சக்குட்டை: அம்மாவிடம் கேட்டேன் சார். தாத்தா வைத்தது கொடி ஏறி நிற்கும் சில்வர் ஓக் மரம் மட்டும்தானாம். பழைய கொடி வாடிப்போய், அப்பா வேறு கொடி நட்டாராம்.

பதில்: அப்படிச் சொல்லுங்கள்! இப்போது பன்னியூர்-1 என்றால் நம்புகிறேன். ஆனால் வாடிய குழியிலேயே நட்டிருக்கிறார். மழைக்கு முன் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து) ஊற்றுங்கள், வடிகால் வெட்டுங்கள்.

கேள்வி (சேலம்): இலைப் படம் பார்த்து ரகம் சொல்ல முடியுமா?

பதில்: சரம் எங்கே?