கர்தினாலும் கர்த்தரும்

அன்புள்ள ஐயா,

லூர்து மாதா கோயிலுக்குப் போகும் நண்பரோடு வாக்குவாதம். நம் சிங்கப்பூர்ப் பேராயர் வில்லியம் கோ 2022-இல், போப்பைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்களில் ஒருவர் ஆனது பதவி உயர்வு என்றேன் நான். இல்லவே இல்லை என்கிறார் அவர். ‘கர்த்தர்’ என்பதிலிருந்துதான் ‘கர்தினால்’ வந்தது என்றும் சாதிக்கிறார். எது சரி?

தெம்பனிஸ் வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நண்பர் ஒன்றில் தேறிவிட்டார், ஒன்றில் கோட்டைவிட்டார்.

கர்த்தர் வடமொழி, கர்தினால் லத்தீன். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. லத்தீனில் ‘கார்தோ’ என்றால் கதவுக் குடுமி. செட்டிநாட்டுப் பழைய வீட்டுக் கதவுகளில் பார்த்திருப்பீர்கள்: மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் முளை, குழியில் உட்கார்ந்து சுழலும். ரோமானியரின் கதவும் அப்படித்தான். திருச்சபை சுழல்வது ரோம் என்ற குடுமியில், அங்கே பணிசெய்பவர்களே கர்தினால்கள் என்று 11ஆம் நூற்றாண்டில், போப் ஒன்பதாம் லியோ காலத்தில், விளக்கம் சொன்னார்கள். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் சொல் அதற்கு வெகுகாலம் முந்தியது. 6ஆம் நூற்றாண்டில், போப் பெரிய கிரகோரியின் கடிதங்களிலேயே, தன் சொந்த ஆலயத்தை விட்டு வேறோர் ஆலயத்தில் பொருத்தப்பட்ட குருமாரையும் ஆயர்களையும் பற்றிப் பேசும்போது இது வருகிறது. வெறும் அலுவல் சொல்!

எனக்கு இந்தப் பொருள்தான் பிடித்திருக்கிறது. ஏனென்றால் இன்றும் நடப்பது அதுவே. கர்தினால் ஆகிறவருக்கு ரோமில் ஒரு ஆலயத்தைப் பெயரளவில் ஒதுக்குவார்கள். சிங்கப்பூர்க்காரரும் அந்தக் கணக்கில் ரோம் நகரத்துக் குருமாரில் ஒருவர். ரோமின் ஆயரை, அதாவது போப்பை, தேர்ந்தெடுக்க அவருக்கு வாக்கு கிடைப்பது அதனால்தான். 2025 மே மாதம் பதினான்காம் லியோவைத் தேர்ந்தெடுத்த 133 பேரில் கோவும் இருந்தார். (80 வயதானால் வாக்கு போய்விடும், அது ஆறாம் பவுல் 1970-இல் கொண்டுவந்த விதி.)

இனி பதவி உயர்வு. செல்வாக்கு கூடுகிறது, சந்தேகமில்லை. ஆனால் திருநிலைப்பாட்டில், அதாவது திருச்சபைப் பணிக்குப் பட்டம் பெறுவதில், படிகள் மூன்றுதான்: திருத்தொண்டர் (டீக்கன்), குரு, ஆயர். கர்தினால் நாலாவது படியல்ல. போப் ஒன்பதாம் பத்திநாதரின் (பயஸ்) வலக்கையாக இருந்து 1876-இல் இறந்த கர்தினால் அந்தொனெல்லி, கடைசிவரை குருப்பட்டம்கூடப் பெறாத திருத்தொண்டர். கர்தினால்கள் ஆயர்களாகவும் இருக்கவேண்டும் என்று போப் இருபத்துமூன்றாம் யோவான் விதித்தது 1962-இல்தான். அதற்கும் விலக்கு உண்டு. 2020-இல் கர்தினாலான காந்தலமெஸ்ஸா விலக்குக் கேட்டு வாங்கி, குருவாகவே இருந்துவிட்டார்.